சிறுமை விகுதியும் சிறுமைச் சொல்லும்: இலத்தீன் பெயரடைகளின் பொருட்சாயல் வரலாறும் தமிழ் வழக்கும்

முன்னுரை

தமிழ்த்துறைகள் அனைத்திலும் 'நாவல்' என்னும் சொல் அன்றாடம் வழங்குகிறது. ஆங்கில வழியாகத் தமிழுக்கு வந்த இச்சொல்லின் மூலம் இத்தாலிய மொழியின் 'நொவெல்லா'. அதற்கும் மூலம் இலத்தீன் மொழியின் 'நொவெல்லுஸ்'. 'புதிய' என்று பொருள்படும் 'நொவுஸ்' என்னும் பெயரடையோடு சிறுமை விகுதி சேர்ந்து பிறந்த வடிவம் அது. உரோமானிய உழவு நூல்களில் இளங்கொடியையும் இளங்கன்றையும் சுட்ட அப்பெயரடை வழங்கியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. அதன்பின் தமிழில் வளர்ந்த இவ்விலக்கிய வகைக்கு 'நாவல்' என்ற பெயரோடு 'புதினம்' என்ற பெயரும் வழக்கிற்கு வந்தது. 'புதினம்' என்னும் பெயர் நொவுஸ் என்பதன் பொருளைக் காத்து, விகுதியின் பொருளை விட்டுவிட்டது. 'குறுநாவல்' என்னும்போதோ, சிறுமை விகுதியை ஏற்கெனவே உள்ளடக்கிய சொல்லின் முன் 'குறு' என்னும் தமிழ் அடை மீண்டும் வந்து நிற்கிறது. சிறுமையைச் சொல்லின் இறுதியில் காட்டும் மொழிக்கும் சொல்லின் முதலில் காட்டும் மொழிக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு சொல்லே புலப்படுத்துகிறது.

பெயரடையோடு சேரும் சிறுமை விகுதி தமிழில் இல்லை என்பது உண்மை. ஆனால் அவ்விகுதி இலத்தீனில் உணர்த்திய அன்பு, இரக்கம், இகழ்ச்சி, மென்குறைவு ஆகிய பொருட்சாயல்கள் தமிழில் இல்லை என்று அதிலிருந்து முடிவுகொள்ள இயலாது. அவை சிறு, குறு, புன், இள முதலிய அடிச்சொற்களில் இடம்பெற்றுள்ளன. இலத்தீன் சிறுமைப் பெயரடைகளின் பொருள் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதன் துணைகொண்டு தமிழ்ச் சிறுமைச் சொற்களின் பொருட்போக்கையும், தில்லியில் தமிழர் அன்றாடம் கேட்கும் இந்தி வழக்கையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலத்தீன் சிறுமைப் பெயரடைகளின் அமைப்பு

இலத்தீன் மொழியில் பெயர்ச்சொல்லைப் போலவே பெயரடையும் பால், எண், வேற்றுமை ஆகியவற்றை ஏற்று உருமாறும். எனவே பெயர்ச்சொல் ஏற்கும் சிறுமை விகுதிகளைப் பெயரடையும் ஏற்கிறது. 'உலுஸ்', 'ஒலுஸ்', 'எல்லுஸ்', 'குலுஸ்' என்பன அவற்றுள் முதன்மையானவை. 'பார்வுஸ்' (சிறிய) என்பது 'பார்வுலுஸ்' எனவும், 'அவுரெயுஸ்' (பொன்னாலான) என்பது 'அவுரெயோலுஸ்' எனவும், 'மிசெர்' (துன்புற்ற) என்பது 'மிசெல்லுஸ்' எனவும், 'துல்கிஸ்' (இனிய) என்பது 'துல்கிகுலுஸ்' எனவும் ஆகும். விகுதி சேர்வதால் சொல்லின் இலக்கண வகை மாறுவதில்லை. பெயரடை பெயரடையாகவே நிற்கிறது.

இவ்வமைப்பில் இரண்டு கூறுகள் சிறப்பாகக் கருதத்தக்கவை. முதலாவது, ஒரு விகுதியின் மேல் மற்றொரு விகுதி சேர்தல். 'தெனெர்' (மெல்லிய, இளைய) என்பதிலிருந்து 'தெனெல்லுஸ்' என்பதும், அதன்மேல் மீண்டும் விகுதி சேர்ந்து 'தெனெல்லுலுஸ்' என்பதும் பிறந்தன. இரண்டாவது, ஒப்பீட்டு வடிவத்தோடு சிறுமை விகுதி சேர்தல். 'மெலியோர்' என்பது 'மேலும் நல்ல' எனப் பொருள்படும். 'மெலியுஸ்குலுஸ்' என்பது 'சற்றே மேலான' எனப் பொருள்படும். நோயாளியின் உடல்நிலை சிறிது தேறியுள்ளது என்று கூறுவதற்கு ஏற்ற சொல் இது. இங்கு விகுதி உருவச் சிறுமையைச் சுட்டவில்லை. பண்பின் அளவைக் குறைத்துக் காட்டுகிறது.

உருவம் சிறியது என்னும் பொருள் பெயர்ச்சொல்லுக்கு எளிதில் பொருந்தும். பெயரடை பண்பைக் குறிப்பது. பண்புக்கு உருவம் இல்லாமையால், அதனோடு சேரும் சிறுமை விகுதி வேறு பொருளைத் தேடிக்கொள்கிறது. ஒன்று பண்பின் அளவு குறைகிறது. அன்றேல் சொல்பவரின் மனநிலை வெளிப்படுகிறது. சிறுமைப் பெயரடைகளில் பொருட்சாயல்கள் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

2. உரோமானிய இலக்கியத்தில் பொருட்சாயல்கள்

பண்புக்குறைவு என்னும் சாயலுக்கு நிறப்பெயர்கள் தெளிவான சான்றாகும். 'ரூபெர்' என்பது சிவப்பு. 'ரூபெல்லுஸ்' என்பது சற்றே சிவந்தது. தட்டம்மையோடு சேர்த்துத் தடுப்பூசி போடப்படும் 'ரூபெல்லா' நோயின் பெயர் இப்பெயரடையே. இந்தியாவில் அத்தடுப்பூசி இயக்கம் 2017இல் தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் தொடங்கியபோது அச்சொல் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள்வரை சென்றது. 'நிகெர்' என்பது கருமை. 'நிகெல்லுஸ்' என்பது சற்றே கரியது. கருஞ்சீரகத்தின் தாவரவியற் பெயரின் முதற்பகுதி இப்பெயரடையின் பெண்பால் வடிவமாகும்.

இரக்கம், அன்பு ஆகிய சாயல்களைக் கதுல்லுஸ் என்னும் கவிஞரிடம் மிகுதியாகக் காணலாம். கி.மு. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்த இவர், காதலியின் வளர்ப்புக் குருவி இறந்ததைப் பாடிய சிறு கவிதையில் குருவிக்கு 'மிசெல்லுஸ்' என்ற அடையைத் தருகிறார். அழுது வீங்கிய காதலியின் கண்களுக்கு, 'வீங்கிய' என்னும் பெயரடையின் சிறுமை வடிவமான 'துர்கிதுலுஸ்' என்பதைத் தருகிறார். கண்ணைக் குறிக்கும் பெயரும் அங்குச் சிறுமை விகுதி ஏற்றே வருகிறது. வீக்கம் சிறிது என்பது அங்குக் கருத்தன்று. அக்கண்களை நோக்குபவரின் பரிவே விகுதியில் வெளிப்படுகிறது. பெயரும் அடையும் ஒருங்கே சிறுமை விகுதி ஏற்பது இலத்தீனில் பலகால் காணப்படும் வழக்கமாகும்.

இதே விகுதி இகழ்ச்சிக்கும் கருவியாயிற்று. கி.மு. 61இல் நண்பர் அத்திகுசுக்கு எழுதிய கடிதத்தில் சிசெரோ தம் அரசியல் பகைவரான புப்ளியுஸ் குளோதியுஸ் புல்கெர் என்பவரைப் 'புல்கெல்லுஸ்' எனக் குறிப்பிடுகிறார். 'புல்கெர்' (அழகிய) என்பது அக்குடியின் சிறப்புப் பெயர். அதனோடு சிறுமை விகுதி சேர்ந்ததும் உயர்குடிப் பெயர் 'அழகுப் பிள்ளை' என்பது போன்ற ஏளனமாகிவிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்குப்பின், கி.மு. 58இல், அதே குளோதியுஸ் கொண்டுவந்த சட்டத்தால் சிசெரோ நாடு நீங்க நேர்ந்தது. ஏளனம் பகைவரின் வலிமையைக் குறைத்துவிடவில்லை என்பதை வரலாறு காட்டுகிறது.

சிறுமைப் பெயரடைகள் பேச்சுவழக்கிற்கும் நகைச்சுவை நாடகத்திற்கும் கடிதத்திற்கும் உரியன என்றும், காப்பிய நடைக்கு ஒவ்வாதன என்றும் உரோமானியர் கருதினர். பிளவுத்துஸ், தெரன்ஸ் ஆகியோரின் நாடகங்களில் அவை நிறைந்திருக்க, வெர்கிலின் காப்பியத்தில் அருகியே வருகின்றன. அகுஸ்துஸ் காலக் கவிஞர்களின் சிறுமை வடிவங்களை 1932இல் ஆராய்ந்த கோ என்னும் அறிஞர் இவ்வேறுபாட்டை விரிவாகக் காட்டினார். ஏனீட் காப்பியத்தில் சிறுமைப் பெயரடை வரும் ஒரே இடம் நான்காம் காண்டத்தில் தீதோ அரசியின் கூற்று என உரையாசிரியர்கள் சுட்டுவர். தன்னைப் பிரிந்துசெல்லும் ஏனியாசை நோக்கி, அவனைப் போன்றதொரு சிறு குழந்தையேனும் தன் அரண்மனை முற்றத்தில் விளையாடாதா என ஏங்கும் இடத்தில் 'பார்வுலுஸ்' என்னும் சொல் வருகிறது. காப்பிய நடையின் கட்டுப்பாட்டை மீறி ஒரே ஒருமுறை வருவதாலேயே அச்சொல் அரசியின் துயரத்தை முழுமையாகத் தாங்குகிறது.

கி.பி. 138இல் மறைந்த பேரரசர் ஹாத்ரியன் தம் உயிரை விளித்துப் பாடியதாக வழங்கும் ஐந்தடிக் கவிதை சிறுமைப் பெயரடைகளாலேயே நெய்யப்பட்டது. அதில் 'வெளிறிய' என்னும் பொருளுடைய 'பல்லிதுஸ்' என்னும் அடையும் சிறுமை வடிவம் பெறுகிறது. பேரரசை ஆண்டவர் தம் உயிரைக் கைக்குழந்தையைப்போல் கொஞ்சி வழியனுப்பும் தொனியை அவ்விகுதிகளே தருகின்றன. அதற்கு மாறான நிலையைக் கி.பி. 476இல் காணலாம். அவ்வாண்டு ஒதோவாக்கர் என்னும் படைத்தலைவரால் அரியணை நீக்கப்பட்ட மேற்குப் பேரரசின் கடைசி அரசர் ரோமுலுஸ் இளம்பருவத்தினர். 'அவுகுஸ்துஸ்' (மாண்புமிக்க) என்பது அரசர்க்குரிய பட்டம். அதைச் சிறுமை வடிவமாக்கி 'அவுகுஸ்துலுஸ்' என அவரை அழைத்தனர். ஒரு பேரரசின் முடிவைக் கூறும் வரலாற்று நூல்கள் இன்றும் அவரை அந்த ஏளனப் பெயராலேயே குறிக்கின்றன.

3. இலக்கணிகளின் பார்வை: பிரிஸ்கியனும் பாணினியும்

கி.பி. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்தாந்திநோப்பிளில் இலத்தீன் கற்பித்த பிரிஸ்கியன், தம் பேரிலக்கணத்தின் மூன்றாம் பகுதியில் ஒப்பீட்டு வடிவங்களை அடுத்துச் சிறுமை வடிவங்களை விளக்குகிறார். சிறுமை வடிவம் மூன்று நோக்கங்களுக்காக வழங்கும் என்பது அவர் கருத்து. பொருள் உண்மையிலேயே சிறிதாயிருத்தல் ஒன்று. நயமாகப் பேசுதல் மற்றொன்று. குழந்தைகளிடம் காட்டுவது போன்ற கொஞ்சல் மூன்றாவது. சிறுமை வடிவத்தின் பொருளை உருவ அளவோடு நிறுத்தாமல், பேசுவோரின் நோக்கத்தையும் இலக்கணத்திற்குள் கொண்டுவந்தது இவ்விளக்கத்தின் சிறப்பாகும்.

பிரிஸ்கியனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்திய இலக்கண மரபு இதே சிக்கலை நுட்பமாகக் கையாண்டது. பாணினியின் அஷ்டாத்தியாயியில் ஐந்தாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதம், 'க' என்னும் விகுதி சேரும் பொருள்களைத் தனித்தனி நூற்பாக்களாகப் பிரிக்கிறது. இன்னாருடையது என்று அறியப்படாதது, இகழ்ச்சிக்குரியது, இரக்கத்திற்குரியது, அளவில் குறைந்தது, உருவில் குறுகியது ஆகிய பொருள்கள் அங்குத் தனித்தனியே கூறப்படுகின்றன. இரக்கத்தையும் இகழ்ச்சியையும் ஒரே விகுதியின் வேறுவேறு பொருள்களாக வகுத்தது பிரிஸ்கியனின் பகுப்பினும் துல்லியமானது. தொடர்பற்ற இரு மரபுகளும் ஒரே முடிவுக்கு வந்திருப்பது, சிறுமையிலிருந்து அன்பும் இகழ்ச்சியும் கிளைப்பது ஒரு மொழியின் தனிப்பண்பு அன்று என்பதற்குச் சான்றாகும்.

4. சாயல் தேய்ந்து சொல் நிலைத்தல்

பொருட்சாயல் மிகுதியான வழக்கினால் தேயும். 'போனுஸ்' (நல்ல) என்பதன் பழைய வடிவத்திலிருந்து பிறந்த சிறுமை வடிவமே 'பெல்லுஸ்'. காலப்போக்கில் அது சிறுமைப் பொருளை இழந்து 'அழகிய' என்னும் தனிச்சொல்லாயிற்று. இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம் ஆகியவற்றில் அழகைக் குறிக்கும் சொற்கள் அதிலிருந்தே வந்தன. 'முதிய' என்னும் பொருளுடைய 'வெதுஸ்' என்பதன் சிறுமை வடிவம் 'வெதுலுஸ்'. அதைப் பேச்சில் 'வெக்லுஸ்' என ஒலித்தனர். புரோபுஸின் பெயரால் வழங்கும் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று 'வெதுலுஸ்' எனக் கூற வேண்டும், 'வெக்லுஸ்' எனக் கூறலாகாது என வலியுறுத்துகிறது. ஆனால் வென்றது பேச்சு வழக்கே. இத்தாலியத்தின் 'வெக்கியோ', போர்த்துக்கீசியத்தின் 'வெல்யு' ஆகியவை அதன் வழிவந்தவை. முதியவரைப் பரிவாகவோ எள்ளலாகவோ சுட்டிய சொல் இன்று எவ்வகைச் சாயலும் அற்ற பொதுச்சொல்லாக உள்ளது.

பெயர்ச்சொற்களிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது; அவற்றுள் சில தமிழகத்திற்கும் வந்து சேர்ந்தன. கதவைக் குறிக்கும் இலத்தீன் 'யானுவா' என்பதன் பிற்காலச் சிறுமை வடிவத்திலிருந்து போர்த்துக்கீசிய 'ஜனேலா' பிறந்தது. அதுவே தமிழில் 'சன்னல்' ஆயிற்று. பாட்டனைக் குறிக்கும் 'அவுஸ்' என்பதன் சிறுமை வடிவமான 'அவுங்குலுஸ்' தாய்மாமனைக் குறித்தது. அது பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக 'அங்கிள்' என வந்து, இன்று இந்திய நகரங்களில் அறிமுகமற்ற ஆடவரையெல்லாம் விளிக்கும் சொல்லாகிவிட்டது. 'சிறு பாட்டன்' என்னும் அமைப்பைத் தமிழின் 'சிற்றப்பன்', 'சிற்றன்னை' ஆகியவற்றோடு ஒப்பிடலாம். இம்முறைப் பெயர்களில் 'சிறு' என்பது உருவத்தையோ மதிப்பையோ சுட்டாமல் பிறப்பு வரிசையைச் சுட்டுகிறது.

5. இலத்தீன் சட்டகத்தில் தமிழ் இலக்கணம்

பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த ஐரோப்பிய மறைப்பணியாளர்கள் தமிழைக் கற்றதும் கற்பித்ததும் இலத்தீன் இலக்கணம் தந்த சட்டகத்தின் வழியாகவே. அண்டிறிக் அடிகளார் 1549ஐ ஒட்டி எழுதிய தமிழ் இலக்கணம் போர்த்துக்கீசிய மொழியில் அமைந்ததாயினும் இலத்தீன் வேற்றுமைப் பெயர்களை அடியொற்றிச் செல்கிறது. சீகன்பால்குவின் இலத்தீன் வழித் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு 1728இல் எழுதிய இலத்தீன் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது. செந்தமிழ் இலக்கணத்தையும் அவர் இலத்தீனில் எழுதினார். தமிழ் மாணவர்க்கோ தொன்னூல் விளக்கத்தைத் தமிழிலேயே இயற்றினார்.

இந்நூல்கள் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. எனினும் உருமாற்றத்தை மையமாகக் கொண்ட இலத்தீன் சட்டகத்தில் தமிழின் பெயரடை எளிதில் அடங்கவில்லை. தமிழில் பெயரடை பால், எண், வேற்றுமை ஏற்பதில்லை. ஒப்பீட்டு விகுதியும் கொள்வதில்லை. தமிழ் இலக்கண மரபு அதைத் தனிச்சொல்வகையாகக் கொள்ளாமல் பண்புத்தொகை, குறிப்புப் பெயரெச்சம், உரிச்சொல் ஆகிய தலைப்புகளில் பகுத்துக் கூறியது. 1856இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் திராவிட மொழிகளின் பெயரடைகள் பண்புப் பெயர்களாகவோ பெயரெச்சங்களாகவோ இருத்தலையும், அவை ஒப்பீட்டு விகுதி ஏற்காமையையும் எடுத்துக்காட்டினார். சொல்லின் இறுதியில் விகுதியைத் தேடும் நோக்கிற்குத் தமிழின் சிறுமைச் சொற்கள் வெறும் அடைகளாகவே தோன்றும். 'சிறிய' என ஒரே சொல்லால் பொருள்கூறி முடிக்கும் அகராதி வழக்கமும் இந்நோக்கிற்குத் துணைபோகிறது. அதனால் இழக்கப்படுவது என்ன என்பதைத் தமிழ்ச் சான்றுகளே காட்டும்.

6. தமிழ்ச் சிறுமைச் சொற்களின் பொருட்சாயல்

தொல்காப்பியர் இளமைப் பொருளை இரண்டிடங்களில் சிறப்பாகக் கையாள்கிறார். மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பது இளமைப் பெயர்களையும் அவை எந்தெந்த உயிர்க்கு உரியன என்பதையும் வரையறுக்கிறார். உரியியலில் மழ, குழ ஆகிய உரிச்சொற்கள் இளமையை உணர்த்தும் என்கிறார். இலத்தீன் ஒரே விகுதியால் எல்லா உயிர்களின் இளமையையும் குறிக்க, தமிழ் உயிர்க்கேற்ற தனிச்சொற்களைப் பெற்றிருந்தது. விகுதி தேவைப்படாத சூழலை இச்சொல்வளம் விளக்குகிறது.

'புன்' என்னும் அடை பொருட்சாயலின் இரு எல்லைகளையும் தொடுவது. புன்செய், புன்சொல், புன்மை ஆகியவற்றில் குறைவும் இழிவும் பொருளாகின்றன. புன்னகை, புன்சிரிப்பு ஆகியவற்றிலோ சிறிதளவே இனிமையாகிறது. திருக்குறளில் இவ்வடியின் இரு நிலைகளையும் காணலாம். 85ஆம் அதிகாரத்தின் பெயர் புல்லறிவாண்மை. அங்கு அடை இகழ்ச்சிக்குரிய அறிவுக்குறைவைச் சுட்டுகிறது. அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளில் வரும் 'புன்கணீர்' என்பதற்குப் பரிமேலழகர் 'புல்லிய கண்ணீர்' எனப் பொருள் கொள்கிறார். அடக்க இயலாத அன்பை வெளிப்படுத்துவது அச்சிறுதுளிக் கண்ணீரே.

திருக்குறளின் முதலிரு பால்களை வீரமாமுனிவர் இலத்தீனில் பெயர்த்தார். கார்ல் கிரவுலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு அவர் மறைவுக்குப்பின் 1865இல் வெளிவந்தது. இக்குறளை இலத்தீனில் பெயர்ப்போர் எவரும் ஒரு தெரிவைச் செய்தாக வேண்டும். கண்ணீரைக் குறிக்கும் 'லாக்ரிமா' என்னும் சொல் 'புன்' என்பதன் பொருளைத் தராது. அதன் சிறுமை வடிவமான 'லாக்ரிமுலா' அமைப்பளவில் நேராகப் பொருந்தும். ஆனால் தெரன்ஸின் நாடகத்தில் பரத்தை கண்ணைக் கசக்கிப் பிழியும் பொய்க்கண்ணீரைக் குறித்து எள்ளலாக வந்த சொல் அது. குறள் கூறும் மெய்யன்புக்கு அச்சாயல் முற்றிலும் முரணானது. சொல்லமைப்பு ஒத்திருந்தும் சாயல் மாறுபடும்போது மொழிபெயர்ப்பு பிழைபடும் என்பதற்கு இது தக்க சான்று.

'சிறு' என்னும் அடையின் வீச்சு இன்னும் விரிந்தது. பிள்ளைத்தமிழின் ஆண்பாற்குரிய இறுதிப் பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றில் குழந்தைமை தோன்றுகிறது. சிறுபாணாற்றுப்படையில் யாழின் வகைபற்றிய பாகுபாடு மட்டுமே தோன்றுகிறது. திருக்குறளின் பெருமை அதிகாரத்தில் 'சிறுமை' பண்பின் இழிவாகிறது. இச்சாயல்களுள் இரண்டு ஒரே அடியில் எதிரெதிர் நிற்பதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் காணலாம். தன் பொருட்டுப் பெருந்துயருற்ற கண்ணகியைக் கோவலன் 'சிறுமுதுக்குறைவி' எனக் குறிப்பிடுகிறான். இளமையிலேயே முதிர்ந்த அறிவுடையவள் என்பது அதன் பொருள். அதே அடியில் அவளுக்குத் தான் இழைத்த தீங்கைச் 'சிறுமை' என்னும் சொல்லாலேயே கூறுகிறான். முன்னது அன்பும் வியப்பும் கலந்தது, பின்னது துன்பம். ஒரே வேரின் இரு சாயல்களை அடுத்தடுத்து நிறுத்தியதால், கோவலனின் கழிவிரக்கம் விளக்கமின்றியே புலப்படுகிறது. வெர்கில் தீதோவின் கூற்றில் ஒற்றை விகுதியால் எய்திய பயனை இளங்கோவடிகள் ஓர் அடிச்சொல்லின் இருமுறை ஆட்சியால் எய்தியுள்ளார்.

'குறு' என்னும் அடை சங்க அகப்பாடல்களில் 'குறுமகள்' எனத் தலைவியைப் பரிவோடு சுட்டுகிறது. 'குறுநில மன்னர்' என்பதில் ஆட்சிப்பரப்பின் அளவைக் காட்டுகிறது. 'இள' என்பது இளஞ்சூடு, இளவெயில், இளஞ்சிவப்பு என வரும்போது பண்பின் அளவைக் குறைக்கிறது. இலத்தீனின் 'ரூபெல்லுஸ்' என்பதற்கு 'இளஞ்சிவப்பு' என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை. விகுதியின்மேல் விகுதி சேரும் 'தெனெல்லுலுஸ்' போன்ற வடிவங்களுக்கு நிகராகத் தமிழ் அடையை அடுக்குகிறது. சின்னஞ்சிறு, பச்சிளம் என்பனவும், திருப்பாவையின் 'சிற்றஞ்சிறுகாலை' என்பதும் இவ்வகையின.

சாயல் தேய்தலும் வட்டார வேறுபாடும் தமிழிலும் உண்டு. பையன், பயல் ஆகியவை உறவுடைய சொற்களாயினும் முன்னது இன்று பொதுச்சொல். பின்னது உரிமையையோ இகழ்ச்சியையோ காட்டுவது. 'பொடியன்' என்பது தமிழ்நாட்டில் வயதில் சிறியவன் என்னும் எள்ளலைச் சற்றே உணர்த்த, யாழ்ப்பாண வழக்கில் இளைஞனைக் குறிக்கும் இயல்பான சொல்லாக உள்ளது. ஒரே சொல்லுக்கு ஓரிடத்தில் உள்ள சாயல் மற்றோரிடத்தில் இல்லை என்பது அகராதி தொகுப்போர் கருதத்தக்கது.

7. தில்லி வழக்கில் சிறுமை வடிவங்கள்

பாணினி கூறிய 'க' விகுதியின் வழிவந்த வடிவங்கள் இன்றைய இந்தோ-ஆரிய மொழிகளில் பல்வேறு உருவங்களில் வாழ்கின்றன. தில்லித் தமிழர் நாள்தோறும் கேட்கும் இந்தியில் அவற்றைத் தெளிவாகக் காணலாம். 'பஹாட்' என்பது மலை. 'பஹாடீ' என்பது சிறு குன்று. புதுதில்லி இரயில் நிலையத்தை அடுத்த பஹாட்கஞ்சும், சதர் பஜாரை ஒட்டிய பஹாடீ தீரஜும் அவ்விரு வடிவங்களையும் அருகருகே வைத்துள்ளன. 'கர்' என்பது கோட்டை. தெற்குத் தில்லியின் 'கர்ஹி' சிறு கோட்டை. பழைய தில்லியின் சந்துகளைக் குறிக்கும் 'கூச்சா' என்பது தெருவைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு அம்மொழியின் சிறுமை விகுதி சேர்ந்தது. இவ்விடப்பெயர்களில் சிறுமை பெரும்பாலும் உருவ அளவைச் சார்ந்ததே.

பெயரடைக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. 'மோட்டா' (பருத்த) என்பது 'மோட்டூ' எனவும், 'லம்பா' (நெடிய) என்பது 'லம்பூ' எனவும், 'சோட்டா' (சிறிய) என்பது 'சோட்டூ' எனவும் ஆகின்றன. வீட்டிற்குள் இவை செல்லப்பெயர்கள். இளைய மகன் சோட்டூ என அழைக்கப்படுவதில் அன்பன்றி வேறில்லை. ஆனால் தேநீர்க் கடையிலும் சாலையோர உணவகத்திலும் எடுபிடி வேலைசெய்யும் சிறுவன் எவனாயினும் அவன் பெயர் சோட்டூ. வாடிக்கையாளர் அவனுடைய இயற்பெயரைக் கேட்பதில்லை. அழைப்பவரின் தொனியில் கனிவு இருக்கலாம். எனினும் அப்பெயர் அவனை வயதால் மட்டுமன்றி நிலையாலும் சிறியவனாக்குகிறது. அவன் வளர்ந்த பின்னும் பெயர் மாறாமல் நிற்பதுண்டு.

பதினான்கு வயதிற்குட்பட்ட சிறுவரைத் தேநீர்க் கடை, உணவகம், வீட்டுவேலை ஆகியவற்றில் அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், குடும்பத்தொழில், கலை போன்ற சில விலக்குகளோடு, அவ்வயதினரை எல்லா வேலைகளிலும் அமர்த்துவதைத் தடைசெய்தது. சட்டம் வயதை வரையறுத்தது. விளிப்பெயர் வழக்கில் தொடர்கிறது. வீட்டில் அன்பாகும் சிறுமை வடிவம் கடையில் தாழ்வாகிறது. சொல்லும் விகுதியும் ஒன்றே. விளிப்பவர்க்கும் விளிக்கப்படுபவர்க்கும் உள்ள உறவே வேறு. குளோதியுஸைச் சிசெரோ இகழ்ந்தபோது வலியவரை நோக்கிச் சென்ற அதே கருவி, இங்கு எதிர்ப்பேச்சு இயலாத எளியவரை நோக்கிச் செல்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

பெயரடையோடு சேரும் சிறுமை விகுதி அளவைக் காட்டுவதைவிடப் பேசுவோரின் மனநிலையையே மிகுதியாகக் காட்டுகிறது. அன்பு, இரக்கம், இகழ்ச்சி, மென்குறைவு ஆகிய நான்கும் இலத்தீனில் ஒரே விகுதியிலிருந்து கிளைத்தவை.

தமிழில் அவ்விகுதி இல்லாமை தமிழின் குறைபாடு அன்று. சிறு, குறு, புன், இள முதலிய அடிச்சொற்களும் அவற்றின் அடுக்கும் அதே நான்கு சாயல்களையும் உணர்த்துகின்றன. இலத்தீன் சட்டகத்தை அளவுகோலாகக் கொண்டு தமிழில் விகுதி தேடுவதும், விகுதி உண்டு என நிறுவ முயல்வதும் ஒரே பிழையின் இரு வடிவங்களாகும்.

சாயல் சொல்லில் மட்டும் தங்குவதில்லை. யார் யாரிடம் கூறுகிறார் என்பதிலும் தங்குகிறது. 'புன்கணீர்', 'சிறுமுதுக்குறைவி', 'சோட்டூ' ஆகிய மூன்றும் இதை வெவ்வேறு வகையில் உறுதிப்படுத்துகின்றன. எனவே இருமொழி அகராதிகளும் வரலாற்று அகராதிகளும் சிறுமைச் சொற்களுக்குப் பொருள் தரும்போது 'சிறிய' என்னும் ஒற்றை விளக்கத்தோடு நின்றுவிடாமல், பேசுவோர், கேட்போர், காலம், வட்டாரம் ஆகியவற்றையும் எடுத்துக்காட்டுகளோடு பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு தொகுக்கப்படும் சான்றுகள் திருக்குறள், சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் பிறமொழிகளில் பெயர்ப்போர்க்குப் பெரிதும் பயன்படும்.